“அதைத் தொடாதே, அது வேணும்!”: மனசு கேள்வி பதில்

போன இதழில் தூக்கமின்மை பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, கட்டில் முழுக்கச் சாமான் குவிந்து கிடப்பதால் தரையில் சுருண்டு படுப்பவர்களைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை பக்கம் முழுக்க. அதிலும் பெரும்பாலானவை வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு, எண்ணூர் என்று வட சென்னையில் இருந்து. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கார் ஷெட், மொட்டைமாடி ரூம், மூன்று பெட்ரூம் என்று இருப்பவர்கள் வீட்டில், எதையும் வெளியே போடாமல் சேர்த்துக் குவிக்கும் இந்தப் பிரச்சினை இருபது வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கும். ஒரு ஹால், ஒரு சமையற்கட்டு, ஆள் ஒதுங்கி ஏற வேண்டிய மாடிப்படி என்று வாழ்கிறவர்கள் வீட்டில் இரண்டே வருஷத்தில் வாசலுக்கு வந்துவிடும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: வணக்கம் மேடம். அம்மாவுக்கு 61 வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் சந்துக்குள் முதல் மாடி வீடு. அப்பா இறந்து ஏழு வருஷம் ஆகிறது. அம்மா எதையும் வெளியே போட விடமாட்டார். பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப்போட்டு அடுக்கி வைப்பார். பிரியாணி வாங்கிய டப்பா, கிழித்த நாள்காட்டித் தாள், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, கட்டப்பைக்குள் இன்னொரு கட்டப்பை. இப்போது கட்டிலே தெரியவில்லை, அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் காலை மடக்கிப் படுக்கிறார். போகிக்கு முந்தைய நாள் அவர் திருத்தணி போயிருந்தபோது, தம்பி மீன்பாடி வண்டி வைத்து எல்லாவற்றையும் அள்ளிக் காயலான் கடையில் போட்டுவிட்டான். திரும்பி வந்தவர் நேராகக் காயலான் கடை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் டிபன் கேரியரும் அதில் போய்விட்டதாம். தம்பியோடு இன்றுவரை பேச்சு இல்லை. ஆனால் ஆடி மாசத்துக்குள் வீடு பழையபடி நிறைந்துவிட்டது. இது வியாதியா, பிடிவாதமா? வைத்தியம் இருக்கிறதா? கீழ்ப்பாக்கம் என்று பேச்செடுத்தாலே, “எனக்கு ஷாக் வைக்கப் போறீங்களா” என்று அழுகிறார்.
— பெயர் வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: நேரில் பார்க்காமல் யாருக்கும் முத்திரை குத்த மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் இது வியாதி மாதிரிதான் தெரிகிறது. ஆங்கிலத்தில் ஹோர்டிங் டிஸார்டர் என்பார்கள், பொருளைச் சேர்த்துக் குவிக்கும் கோளாறு. ரொம்ப நாள் வரை இதை ஓ.சி.டி.யின், அதாவது ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிக்கும் நோயின், ஒரு வகை என்றுதான் மருத்துவர்களே வைத்திருந்தார்கள். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் இதைத் தனி நோயாகப் பிரித்தார்கள், 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் தனி இடம் கொடுத்துவிட்டார்கள். வெளிநாட்டு ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கிறது. அதனால் உங்கள் தெருவில் அம்மா ஒருவர்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம்.

அப்பா போன துக்கத்தில் வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அநேகமாக அதற்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பித்திருக்கும். இது பெரும்பாலும் பதின்ம வயதில் லேசாகத் துளிர்விட்டு, வயது ஏற ஏறத் தடிக்கிற நோய். அப்பா இருந்தவரை அவர் மாசத்துக்கு ஒரு தடவை ஒரு மூட்டையைக் கட்டிக் கீழே கொண்டுபோய்க் கொடுத்திருப்பார், அல்லது சத்தம் போட்டிருப்பார், அதனால் ஒரு அளவில் நின்றிருக்கும். பெரியம்மா, தாய்மாமா யாருக்காவது இந்தப் பழக்கம் இருந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள், குடும்பத்தில் ஓடுகிற விஷயம் இது.

இப்போது தம்பி செய்த காரியத்துக்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தெரியும். ஆனால் காலி செய்தது வீட்டைத்தான், நோய் அப்படியே அம்மாவிடம் இருக்கிறது. ஒரு பொருளைக் கையில் எடுத்து ‘இது வேண்டும், இது வேண்டாம்’ என்று முடிவு செய்வதுதான் இந்த நோயில் உடைந்து கிடக்கிற இடம். 2012-ல் வெளியான ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், இந்தக் கோளாறு உள்ளவர்களிடம் காகிதங்களைக் காட்டி, கிழித்துப் போடலாமா வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அடுத்தவர் காகிதம் என்றபோது, முடிவெடுக்க உதவும் மூளைப் பகுதிகள் மற்றவர்களைவிடக் குறைவாக வேலை செய்தன. தன் காகிதம் என்றதும் அதே பகுதிகள் அளவுக்கு மீறிக் கொந்தளித்தன. அம்மாவுக்கு ஒரு பால் கவரைப் போடுவது உங்களுக்கும் எனக்கும் பால் கவரைப் போடுவது போல இல்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. தம்பி வண்டி வைத்து அள்ளியதில் அம்மா ஒரு முடிவும் எடுக்கவில்லை, அதனால் எதையும் பழகவும் இல்லை. மாறாக, ‘நான் கண் அசந்தால் எடுத்துவிடுவார்கள்’ என்ற ஒரு பாடத்தை மட்டும் கற்றுக்கொண்டார். வீடு முன்னைவிட வேகமாக நிறைந்ததில் ஆச்சரியமே இல்லை. போகியன்று பழசைக் கழிப்பதெல்லாம் கழிக்க முடிந்தவர்களுக்கு.

சரி, வைத்தியம் என்ன? இதுவரை ஆய்வுகளில் அதிகம் நிரூபிக்கப்பட்டது, இந்த நோய்க்கென்றே தைத்த அறிவுசார் நடத்தை சிகிச்சை, அதாவது சி.பி.டி. இதை வடிவமைத்தவர்கள் வாரம் ஒரு அமர்வு என்று 26 அமர்வுகள் வைத்தார்கள், அதில் சில நோயாளியின் வீட்டிலேயே. ஆறு மாசத்துக்குக் குறைந்து முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரம் ஒரு டப்பாவைக்கூடத் தொட மாட்டோம். ‘இந்த வீட்டில் உங்களுக்கு என்ன ஆசை, எது நடக்காமல் போகிறது’ என்றுதான் பேசுவோம். சுத்தமான வீடு வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. “பேத்தி வந்து ஒரு ராத்திரி தங்கணும்” என்பார்கள், “கால் நீட்டிப் படுக்கணும்” என்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் வேலை.

அப்புறம் பயிற்சி. அம்மா வீட்டில் இருந்து ஒரு கட்டப்பை நிறையச் சாமான் கொண்டு வருவார், எதைக் கொண்டு வருவது என்பதும் அவர் முடிவுதான். ஒரு பால் கவரை எடுப்பார். “இதை இன்றைக்குப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று தோன்றுகிறது?” என்று கேட்போம். “நாளைக்கே எண்ணெய்ப் பாட்டிலுக்கு மூடி போட வேணும்னா?” என்பார். “வீட்டில் இந்த மாதிரி எத்தனை இருக்கும்? கடைசியாக எப்போது ஒன்றை எடுத்துப் பயன்படுத்தினீர்கள்?” யோசிப்பார். போட்டால் மனசு எவ்வளவு கஷ்டப்படும், பத்துக்கு எத்தனை என்று கேட்டால், ஒரு பால் கவருக்கு ‘ஏழு’ வரும். சிரிக்கக் கூடாது, அந்த ஏழு நிஜம். பிறகு அவர் கையாலேயே கூடையில் போடுவார். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டால் ஆறு. அமர்வு முடியும்போது நாலு. அடுத்த வாரம் வந்து, “அதைப் பத்தி நினைப்பே இல்ல மேடம்” என்பார். அந்த ஏழு தானாக இறங்கியதை அவர் உடம்பு தெரிந்துகொள்கிறதே, அதுதான் சிகிச்சை. நூறு தடவை நாம் சொன்னாலும் அது வராது. ஒரு விதி மட்டும் கறார்: அவர் அனுமதி இல்லாமல் யாரும், நான் உட்பட, ஒரு துண்டுத் தாளையும் தொடக் கூடாது.

பலன் எவ்வளவு? நிறையப் பேருக்குக் கண்கூடாகக் குறைகிறது, வீட்டில் நடக்க வழி வருகிறது, சேர்க்கும் வேகம் குறைகிறது. ஆனால் சிகிச்சை முடிந்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருப்பவர்கள் அதிகம். துடைத்து வைத்த வீட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அம்மா கட்டிலில் படுத்தால் அதுவே வெற்றி.

எங்கே போவது? உங்களுக்குப் பக்கத்திலேயே பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவு உண்டு. புறநோயாளிச் சீட்டு போட்டு, டாக்டரைப் பார்த்ததும், உளவியலாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் சில சமயம் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள், கூட்டம் அப்படி. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794-ல் இருந்து இருக்கிறது, அதைப் பற்றிய கதைகளும் அத்தனை பழசு. இந்த நோய்க்கு ஷாக் சிகிச்சை கிடையவே கிடையாது என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வேறு நோய்களுக்குக்கூட மயக்க மருந்து இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது என்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் தடை போட்டிருக்கிறது. நேரில் போவதற்கு முன்னால் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

அரசு ஆஸ்பத்திரி உளவியலாளர் உங்கள் மாடிப்படி ஏறி வந்து உட்காருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்குப் பதிலாக, அம்மாவிடம் கேட்டுவிட்டு, கேட்காமல் அல்ல, ஹால், சமையற்கட்டு, கட்டில் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். நாங்கள் பயன்படுத்தும் ஒரு அளவுகோலே படங்கள்தான்: காலியான அறையில் இருந்து கூரை வரை குவிந்த அறை வரை ஒவ்வொரு அறைக்கும் ஒன்பது படம், உங்கள் வீடு இதில் எது என்று கை வைத்துக் காட்டச் சொல்வோம். மாசத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று எடுத்தால் அம்மாவுக்கே முன்னேற்றம் தெரியும்.

அம்மா ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றால், ‘உன் குப்பைக்கு வைத்தியம் பார்க்கலாம் வா’ என்று கூப்பிடாதீர்கள். குப்பை என்ற வார்த்தையையே வீட்டில் நிறுத்துங்கள். முழங்கால் வலி, தூக்கமில்லை, அழுகை வருகிறது என்று அவரே எதையாவது சொல்லியிருப்பார், அதற்காகக் கூட்டிப்போங்கள். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வும் கூடவே இருக்கிறது, அதைப் பார்க்கப் போய் இது வெளியே வரும்.

அதுவரை வீட்டில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அழுத்தம் கொடுங்கள்: அடுப்பு, சிலிண்டர், கதவு. அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் படுக்கிறார் என்று படித்ததும் எனக்குப் பகீரென்றது. மெல்போர்ன் தீயணைப்புத் துறையின் பத்து வருஷக் கணக்கு ஒன்று உண்டு. சாமான் குவிந்த வீடுகளில் பிடித்த தீ, மொத்த வீட்டுத் தீவிபத்தில் கால் சதவீதம்தான், ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய தீ மரணங்களில் 24 சதவீதம் அந்த வீடுகளில் நடந்தது. ஓடி வர வழி இல்லை, அவ்வளவுதான் காரணம். ஆகவே எதையும் தூக்கிப் போட வேண்டாம், ‘சிலிண்டரைச் சுற்றிக் கை நீட்டும் தூரம், ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே, கட்டிலில் இருந்து கதவு வரை ஒரு ஆள் நடக்கும் அகலம், இந்த மூன்று இடத்தில் எதையும் வைக்காதே, நகர்த்தி வை’ என்று மட்டும் பேசுங்கள். நகர்த்துவதற்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். தம்பி ஒருநாள் வந்து, டிபன் கேரியருக்காக மட்டுமாவது மன்னிப்புக் கேட்கட்டும். சிகிச்சைக்கு வர அம்மாவை அது எவ்வளவு தூரம் நகர்த்தும் என்று பாருங்கள்.

கேள்வி: அக்கா, வியாசர்பாடியில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வயது 38. மூர் மார்க்கெட் பக்கம் போனால் வெறுங்கையோடு வர மாட்டேன். மோட்டார், ரிமோட், சார்ஜர், பழைய ரேடியோ, எல்லாம் ‘ஸ்பேருக்கு ஆகும்’ என்று வாங்குவேன். கடை நிறைந்து வீட்டுக்குள் வந்து, மனைவி பையனோடு கொடுங்கையூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கே தெரிகிறது அக்கா, முடியவில்லை. டாக்டரிடம் போகாமல் நானே சரி செய்ய முடியுமா?
— வியாசர்பாடி வாசகர்

பதில்: தம்பி, ‘எனக்கே தெரிகிறது’ என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. இந்த நோயில் பலருக்கு அது தெரிவதே இல்லை, வீட்டில் இருப்பவர்கள்தான் கடிதம் எழுதுவார்கள்.

டாக்டர் இல்லாமல் முடியுமா என்றால், முழுக்கத் தனியாக முடியாது, ஆனால் கூட ஒரு ஆள் இருந்தால் நிறைய முடியும். அமெரிக்காவில் இதே பிரச்சினை உள்ளவர்கள் குழுவாகக் கூடி, வாராவாரம் ஒரு பயிற்சி நூலை வைத்துத் தாங்களே நடத்திக்கொள்ளும் முறை இருக்கிறது. அந்தக் குழுவையும் உளவியலாளர் நடத்திய குழுவையும் ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வில் பலன் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. எனவே நம்பிக்கையான ஒரு நண்பரைப் பிடியுங்கள். அவர் வேலை பக்கத்தில் உட்காருவது மட்டும்தான். தூக்கிப் போடவோ, “இது எதுக்குடா உனக்கு” என்று சொல்லவோ கூடாது. அப்படி வாயை மூடிக்கொண்டு உட்காரக்கூடிய நண்பர் கிடைப்பது கஷ்டம்தான், தேடுங்கள்.

முதலில் உள்ளே வருவதை அடைக்க வேண்டும், வெளியே போவதைப் பிறகு பார்க்கலாம். பலரும் தலைகீழாகச் செய்து சோர்ந்துபோகிறார்கள். மூர் மார்க்கெட்டுக்குப் போகாமல் இருப்பது தீர்வு இல்லை, உங்கள் தொழிலே அங்கேதான். போய் வாங்காமல் வரப் பழக வேண்டும். முதல் தடவை பர்ஸை நண்பரிடம் கொடுத்துவிட்டு ரோட்டில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த தடவை கடைக்குள் போய்ப் பொருளைத் தொடாமல் வாருங்கள். அதற்கடுத்து, கையில் எடுத்து, விலை கேட்டு, திரும்ப வைத்துவிட்டு வாருங்கள். கடைசியாகத்தான் பையில் பணத்தோடு தனியாக. ஒவ்வொரு தடவையும் ‘விட்டுவிட்டேனே, இனிமேல் கிடைக்காதே’ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பஸ் பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் எவ்வளவு குறைகிறது என்று கவனியுங்கள். அதைக் கவனிப்பதுதான் பயிற்சி.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ‘எனக்கு இது தொழில்’ என்பது பொய் இல்லை. ஸ்பேர் வைத்திருக்காமல் ரிப்பேர் கடை நடத்த முடியாது. அதனால் பொருளை வைத்து அல்ல, இடத்தை வைத்து எல்லை போடுங்கள். கடையில் ஒரு ரேக், அதற்குள் எவ்வளவு மோட்டார் அடங்குகிறதோ அவ்வளவு. புதுசாக ஒன்று வந்தால் ரேக்கில் இருந்து ஒன்று போக வேண்டும், எது போவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். வீட்டுக்குள் ஒரு திருகாணிகூடக் கூடாது.

வீட்டில் எங்கே ஆரம்பிப்பது? பையன் படுக்கும் இடத்தில். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும், ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒரேயடியாக முடித்துவிடுவேன் என்று இறங்காதீர்கள். மத்தியானத்துக்குள் களைத்துப்போய், பிரித்த குவியல் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். வைப்பது, விற்பது, போடுவது என்று மூன்று பெட்டி. ‘யாருக்காவது உதவும்’ என்று நாலாவது பெட்டி வைக்காதீர்கள், ரொம்ப ஆபத்தான பெட்டி அது. அந்த ‘யாராவது’ ஒருநாளும் வர மாட்டார், பெட்டி மட்டும் ஆறாக, ஏழாகப் பெருகும். விற்பதற்கும் தேதி போடுங்கள், சனிக்கிழமைக்குள் விற்காதது காயலான் கடைக்கு.

இன்னொன்று. ஆரம்பித்த வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுவது, சாவியைத் தினமும் தேடுவது, பள்ளிக்கூடத்தில் இருந்தே கவனம் நிற்காது என்பதெல்லாம் உங்களுக்கு இருந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கவனக்குறைவுக் கோளாறு இந்த நோயோடு அடிக்கடி சேர்ந்து வருகிறது, அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு, அது சரியானால் பிரித்து அடுக்குவதும் சுலபமாகும். மனைவியிடம், ‘எல்லாவற்றையும் சரி செய்துவிட்டுக் கூப்பிடுகிறேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பையன் படுக்கும் இடம் காலியானதும் படம் எடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: எண்ணூரில் இருக்கிறோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீட்டுக்குள் வந்து பீரோ, துணிமணி, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் வீணாகிவிட்டது. அதற்கப்புறம் என் மனைவி எதையும் வெளியே போட விடுவதில்லை. கறை படிந்த புடவைகளைக்கூட மூட்டை கட்டிப் பரணில் வைத்திருக்கிறாள். இதற்கு மாத்திரை இருக்கிறதா?
— எண்ணூர் வாசகர்

பதில்: இந்த நோய்க்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இதுவரை எதுவும் இல்லை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளால் இதுவும் குறைந்ததாகச் சின்னச் சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் இரண்டையும் அப்படிப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்த இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிடாமல் செய்தவை, அதனால் அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நான் உளவியலாளர், மருந்து எழுதுவது என் வேலை இல்லை. மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்கிவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் மனைவிக்கு இருப்பது இதே நோய்தானா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் இருக்கிறது. வெள்ளத்துக்கு முன்னால் அவர் சாதாரணமாகப் பழையதைக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் வாங்குகிறவராக இருந்தால், இது இழப்பின் காயமாக இருக்கலாம். மழை பெய்தால் தூக்கம் கெடுகிறதா, அந்த ராத்திரி கனவில் வருகிறதா, திடீரென்று சத்தம் கேட்டால் துணுக்குறுகிறாரா என்று பாருங்கள். இருந்தால் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கான சிகிச்சைதான் முதலில் வேண்டும், அதற்கு நல்ல மருந்தும் உண்டு, பேச்சு சிகிச்சையும் உண்டு. பரண் மூட்டையை இப்போதைக்குத் தொடாதீர்கள். சர்டிபிகேட், ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரு பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியை உயரத்தில் வைத்து, சாவியை மனைவி கையில் கொடுங்கள். இனிமேல் போகாது என்று ஒன்றாவது உறுதியானால் மற்றதன் மேல் பிடி கொஞ்சம் தளரும்.

கேள்வி: துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் அப்பாவுக்கு 73 வயது. வாழ்நாள் முழுக்க அவ்வளவு சுத்தக்காரர். இரண்டு வருஷமாகத் தெருவில் கிடக்கும் செருப்பு, உடைந்த மீன் கூடை, சாப்பிட்டுப் போட்ட தட்டு எல்லாவற்றையும் வீட்டுக்குத் தூக்கி வருகிறார். கேட்டால் கோபம். இனிப்பு என்றால் டப்பாவோடு தின்கிறார். அம்மா கீழே விழுந்து அழுதபோதுகூடச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். மாநகராட்சியில் சொல்லி அள்ளச் சொல்லலாமா? வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரியில் சேர்க்க முடியுமா?
— காசிமேடு வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்துக்குத்தான் அவசரம். ‘வாழ்நாள் முழுக்கச் சுத்தக்காரர், இரண்டு வருஷமாக’ என்ற உங்கள் வரியே எல்லாவற்றையும் சொல்கிறது. மேலே பேசிய நோய் எழுபது வயதில் திடீரென்று முளைப்பதில்லை. வயதான பிறகு புதுசாக, எந்த உபயோகமும் யோசிக்காமல் தெருவில் இருந்து பொறுக்குவது, இனிப்பு மேல் புதிய வெறி, குடும்பத்தின் அழுகை உறைக்காமல் போவது, மூன்றும் சேர்ந்தால் மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதி நோயை முதலில் சந்தேகிக்க வேண்டும். ஞாபகம் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். இந்த வகையில் ஆரம்பத்தில் ஞாபகம் நன்றாகவே இருக்கும், குணம்தான் முதலில் மாறும்.

ஸ்டான்லியிலோ சென்ட்ரலுக்கு எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலோ நரம்பியல் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன் எழுதுவார்கள். சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. எப்போது தொடங்கியது, என்னென்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அப்பா டாக்டர் முன்னால் ரொம்ப மரியாதையாக, எல்லாம் சரியாக இருப்பது போல் பேசுவார், நீங்கள்தான் பொய் சொல்கிறவர் மாதிரி ஆகிவிடும்.

பொறுக்கி வந்ததை எடுப்பது பற்றி நான் முதல் கேள்வியில் சொன்னது இவருக்குப் பொருந்தாது. அழுகிய உணவையும் மீன் கூடையையும் அவர் தூங்கும்போது எடுத்துவிடுங்கள், தவறே இல்லை, பெரும்பாலும் தேடக்கூட மாட்டார். பெரிய சாமானை அகற்ற மாநகராட்சியின் 1913-ஐக் கூப்பிட்டுக் கேளுங்கள். தடுக்கிறேன் என்று வாசலில் மல்லுக்கு நிற்பதைவிட, மாலையில் அவரோடு நடந்து போய், கையில் ஒரு பையைக் கொடுத்து, நீங்களே பேசிக்கொண்டே அழைத்து வருவது நல்லது.

சேர்ப்பது பற்றி: 2017-ம் வருஷத்து மனநலச் சட்டப்படி, விருப்பம் இல்லாதவரை வீட்டில் சாமான் சேர்ந்துவிட்டது என்பதற்காக யாரும் சேர்க்க முடியாது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னையே ஆபத்துக்குள் தள்ளும் அளவுக்குத் தன்னைக் கவனிக்க முடியாத நிலை வேண்டும். அதையும் ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும். இப்போதைக்கு அங்கே போக வேண்டியதில்லை, நரம்பியல் பிரிவே போதும். அம்மாவுக்கு யாருடனாவது பேச வேண்டும் போல் இருந்தால் முதியோர் உதவி எண் 14567.

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன். ஐஸ்கிரீம் டப்பா, மஞ்சப்பை, ஜாம் பாட்டில் எல்லாம் எடுத்து வைப்பேன். உங்கள் போன இதழைக் காட்டி, “உனக்கும் இதுதான் வியாதி” என்கிறார் கணவர். அப்படியா?
— பெரம்பூர் வாசகி

பதில்: கட்டிலில் படுக்க முடிகிறதா? மேடையில் காய் நறுக்க இடம் இருக்கிறதா? வீட்டுக்கு ஆள் வந்தால் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே பேசி அனுப்பாமல் உள்ளே உட்காரச் சொல்கிறீர்களா? டப்பா ஒன்று காணாமல் போனால் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்குகிறதா? நாலுக்கும் ஆமாம் என்றால் உங்களுக்கு ஒன்றும் இல்லை. ஐஸ்கிரீம் டப்பாவில் தோசை மாவு வைக்காத வீடு இந்த ஊரில் கிடையாது. கணவர் பழைய சார்ஜர், ஹெட்போன் ஒயர், மூடிபோன டார்ச் லைட் எல்லாம் போட்டு வைத்திருக்கும் அந்த ஷூ பெட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.